குஸ்காவோடு வந்த நேயர்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். எங்கள் சமுதாய வானொலி நிலையத்தின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். இரண்டு கையாலும் அணைத்தபடி ஒரு பெரிய தேக்சா. மேலே வெள்ளைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். புடவை பட்டு இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது… மடிப்பு தெரிந்தது.

“மீட்டிங் இங்கதானே மேடம்?”

இதை அவர் ‘கேட்டார்’ என்று எழுதக் கை வரவில்லை. காற்றுதான் வந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். தொண்டை கட்டியிருக்கிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

“என்ன மீட்டிங்?”

“நேயர் சந்திப்பு. இந்த ஞாயித்துக்கெழம நாலு மணிக்குன்னு ரேடியோல சொன்னீங்களே.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் மேடம். உங்க வாய்ஸ் எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நேயர் சந்திப்பு என்ற சமாச்சாரத்தையே நாங்கள் மூட்டை கட்டி வைத்துப் பல மாதங்கள் ஆகின்றன.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காவ்யா, எங்கள் ஒலிப்பதிவுக்காரப் பெண், தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

இந்த நிலையத்தைப் பற்றி நான் இந்தப் பத்தியில் அதிகம் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? பெங்களூரில் நீலசந்திராவுக்குப் பக்கத்தில், கீழே தையல் பயிற்சிக்கூடம், மேலே நாங்கள். ஒரு ஸ்டுடியோ, ஒரு கண்ணாடி, ஒரு மைக், நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. மொட்டை மாடியில் ஒரு கம்பம். நாலைந்து ஏரியாவைத் தாண்டினால் எங்கள் குரல் செத்துவிடும். நான் குடியிருப்பது ஹெப்பகோடி பக்கம். அங்கே அது வரவே வராது. ஆக, வானொலியில் என் குரலை நானே ஒரு நாளும் கேட்டதில்லை.

நாள் முழுக்கக் கன்னடம். பிற்பகலில் ஒரு மணி நேரம் தமிழ். மாதத்துக்கு ஒரு விஷயம் என்று திட்டம் போட்டு நடத்துவோம். போன மாதம் குப்பை மாதம். ஈரக் குப்பை, உலர் குப்பை என்று எல்லோர் உயிரையும் எடுத்தோம். அதற்கு முந்தைய மாதம் ரத்த அழுத்தம். இந்த மாதம் கண். மாதக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து அடுத்த மாதம் எந்த உறுப்பு என்று பேசுவோம்.

என் வேலை ‘இந்த மாதம் நம்ம ஏரியாவில்’. இலவச முகாம், தடுப்பூசி, தண்ணீர் வராத நாள், தேர்த் திருவிழாவுக்கு மூடப்படும் தெரு, காணாமல் போன ஆடு. எல்லாவற்றையும் ஒரு பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி பேசிப் பதிவு செய்து கொடுப்பேன். சம்பளம் கிடையாது. டீ உண்டு.

இதில் எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது. தேதி சொல்லமாட்டேன். ‘இந்த ஞாயிற்றுக்கிழமை’, ‘வருகிற புதன்கிழமை’ என்றுதான் சொல்வேன். தேதி சொன்னால் அரசாங்க அறிவிப்பு மாதிரி ஆகிவிடும், ‘இந்த ஞாயிறு’ என்றால்தான் பேச்சில் ஈரம் இருக்கும் என்று காவ்யாவுக்கு வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறேன். கூடவே, என் ஒலிப்பதிவுகளை கம்ப்யூட்டரில் போடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்… ‘இந்த மாதம்’. அவசரமென்றால் ‘இந்த மாதம் புதுசு’.

புரிந்திருக்குமே?

எனக்குக் காய்ச்சல் வந்து இந்த மாதம் பதிவுக்குப் போகவில்லை. காவ்யா ஒரு ‘இந்த மாதம் புதுசு’வை எடுத்து ஓட்டியிருக்கிறாள். அது போன வருஷத்துப் புதுசு. அதிலும் கண் பரிசோதனை முகாம் இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கடைசியில் என் குரல் குழைந்து குழைந்து அழைத்திருக்கிறது — ‘இந்த ஞாயிறு நாலு மணிக்கு நம்ம நிலையத்தில் நேயர் சந்திப்பு. ஆளுக்கு ஒரு பண்டம் வீட்டிலிருந்து கொண்டுவாங்க. சேர்ந்து சாப்பிடலாம். மைக்கில் இரண்டு நிமிஷம் பேசலாம். உங்கள் குரலை நீங்களே ரேடியோவில் கேட்கலாம்.’

ஒரு வாரமாக இது ஓடியிருக்கிறது. போன வருஷத்து முகாம், போன வருஷத்துத் தண்ணீர் நிறுத்தம், போன வருஷத்து ஆடு. ஒருவர்கூடப் போன் செய்து தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் சுருக்கென்றது. யாரும் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் தேக்சாவோடு எதிரே நிற்கிறார்.

“உக்காருங்கம்மா. மத்தவங்க வந்துருவாங்க. டிராஃபிக்…” என்றேன்.

பெங்களூரில் ஒரு வசதி. எந்தப் பொய்க்கும் டிராஃபிக்கைத் துணைக்கு அழைக்கலாம்.

ஏன் பொய் சொன்னேன்? அந்தப் புடவை மடிப்பைப் பார்த்தபிறகு உண்மை சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். காவ்யா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வட்டமாகப் போட ஆரம்பித்தாள். பெரிய வட்டம். அதில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம்.

அவர் பெயர் எஸ்தர். சொந்த ஊர் கோலார் தங்கவயல். மூன்று வருஷத்துக்கு முன்பு கணவர் காலமானதும் மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நீலசந்திராவில் மூன்றாவது மாடி, ஒரு ரூம், ஒரு சமையல் ரூம். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதற்குள் எனக்குக் கழுத்து வலித்துவிட்டது. அவ்வளவு குனிந்து கேட்கவேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், எதிராளி கிசுகிசுத்தால் நமக்கும் குரல் தானாக இறங்கிவிடுகிறது. நானும் கிசுகிசுத்தேன். காவ்யாவும் கிசுகிசுத்தாள். வாசலில் நின்று பார்த்தவர்கள் ஏதோ சதி நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

“தொண்டைக்கு டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?”

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல மேடம். பழகிடுச்சி.”

“என்ன பழகிடுச்சு?”

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பையனுக்கு எலக்ட்ரானிக் சிட்டில நைட் ஷிஃப்ட். மருமவ நர்ஸ். அவளும் நைட்டுதான் கேட்டு வாங்கிக்கினா… ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வூட்ல இருக்கணும்ல. காலைல வருவாங்க, சாப்புடுவாங்க, தூங்குவாங்க. சாயங்காலம் எழுந்து ஓடுவாங்க. பகல்ல சத்தம் போடக்கூடாது.”

“மூணு வருஷமாவா?”

“ஆமா. பாவம், அதுங்களும் என்னா பண்ணும்? தூக்கம் இல்லன்னா வேலைல தப்பு வரும்ல.”

குக்கர் வைப்பதில்லை — விசில் வரும். சோற்றை வடித்துவிடுகிறார். பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டுத்தான் இறக்குவார். இருமல் வந்தால் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். எதிர் வீட்டுப் பெண் படிக்கட்டில் நின்று பேசினால் ஜன்னல் வழியே உள்ளே கேட்கும், அதனால் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். இப்போது அந்தப் பெண்ணும் பேசுவதில்லை, அவளும் சிரித்துத் தலையாட்டுகிறாள். போனில் ரேடியோ போட்டு ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன். இன்னொரு காது, உள்ளே யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்க.

“ராத்திரி?” என்றேன்.

“ராத்திரி நான் மட்டுந்தான். பேசலாம். யார்கூடப் பேசறது? பேஜாரா இருக்கும் மேடம்.”

நமக்கு பேஜார் என்றால் தொல்லை. இந்த ஊரில் அது கன்னடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல், மனசு கனத்துப்போவதற்குச் சொல்வார்கள். நானும் சொல்வதுண்டு… அலுத்துப்போன சினிமாவுக்கும், வராத பஸ்ஸுக்கும்.

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தனியாக வாழ்வது எவ்வளவு சுகம் என்று இதே பக்கத்தில் நான் கொடி பிடித்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாத இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரி, ஓய்வு பெற்றபின் நினைத்த நேரத்தில் தோசை, நினைத்த சத்தத்தில் பாட்டு என்றெல்லாம். பலர் பாராட்டினீர்கள். எஸ்தர் அம்மா பேசப்பேச எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. அங்கே நான் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். குக்கர் பத்து விசில் அடிக்கலாம். யார் தூக்கமும் கெடாது. கெடுவதற்கு அங்கே தூங்குகிறவர் யாருமில்லை. இந்த அம்மாளுக்காவது வாயை மூடிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன்.

படியில் காலடி கேட்டது. எஸ்தர் அம்மா சட்டென்று முந்தானையைச் சரிசெய்து, தேக்சாவின் முடிச்சில் கை வைத்தார். வந்தவர் வாட்ச்மேன். தண்ணீர் கேன் காலியா என்று பார்க்க வந்திருந்தார். காலி இல்லை என்றதும் வட்டமான நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“எத்தினி பேரு வருவாங்க மேடம்?”

“அது… சொல்ல முடியாது.”

“நான் இருவது பேருக்குத்தான் செஞ்சேன். குஸ்கா. விடியக்காத்தால, அவங்க வர்றதுக்கு முன்னாடி. பத்தாதுன்னா கொஞ்சம் கொஞ்சமா வைக்கலாம்.”

காவ்யா எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

“சரி, காத்திருக்கற நேரத்துல உங்க ரெண்டு நிமிஷத்தை ரெகார்ட் பண்ணிடலாமா?” என்றேன், எதையாவது செய்யவேண்டுமே என்று. “என்ன பேசப்போறீங்க?”

“எதுவும் இல்ல. நீங்க சொன்னீங்கல்ல, நம்ம கொரல நாமளே ரேடியோல கேக்கலாம்னு.” கொஞ்சம் தயங்கினார். “என் கொரல் எப்டி இருக்கும்னே மறந்துபோச்சி மேடம். ஒரு தபா கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

சிலர் நம்மிடம் கேட்கும்போதுதான் நம்மிடம் அது இருப்பதே நமக்குத் தெரியும். ஒரு மைக்தானே? எங்களுக்கு அது டீ டம்ளர் மாதிரி ஒரு சாமான்.

ஸ்டுடியோவுக்குள் கூட்டிப்போனேன். கயிற்றின் மேல் நடப்பதுபோல ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். சுவர் முழுக்க மேடும் பள்ளமுமாக ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இது இன்னாத்துக்கு?”

“சத்தம் வெளியே போகாம இருக்கறதுக்கு.”

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். “இது எங்க கெடைக்கும் மேடம்? சமையல் ரூமுக்கு மட்டும் ஒட்டினாப் போதும்.”

உட்காரவைத்தேன். மைக்கை அருகே இழுத்தேன். “பேசுங்கம்மா. உங்க பேரு, நீங்க என்ன சமைச்சீங்க… எது வேணாலும்.”

அவர் பேசினார். உதடு அசைந்தது. மறுபக்கம் காவ்யா ஸ்பீக்கரில் சொன்னாள். “ஆண்ட்டி, சொல்ப ஜோரா, கொஞ்சம் சத்தமா பேசுங்க. இங்க மீட்டர்ல ஒண்ணுமே ஏறல.”

மறுபடி பேசினார். மறுபடி காற்று. தூரத்தில் போகிற ஆட்டோவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுங்கள் என்றேன். ஆட்டோவுக்குக் கை காட்டுவதுதான் வழக்கம் என்றார். சர்ச்சில் பாடுவீர்களே, அந்த மாதிரி என்றாள் காவ்யா. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில்தான் அவர்கள் வேலையிலிருந்து வருவார்கள், சாப்பாடு போடவேண்டும், சர்ச்சுக்குப் போய் நாளாயிற்று என்றார். இன்றைக்கு வீட்டில் சொல்லிவிட்டு வந்தது மட்டும் ‘சர்ச்சில் பெண்கள் கூட்டம்’ என்று.

“இங்க யாரும் தூங்கல எஸ்தரம்மா. கத்தலாம்.”

“தெரியுது. வரமாட்டேங்குது.” தொண்டையைத் தடவிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. சமாளித்துக்கொண்டு சிரித்தார். “மத்தவங்கல்லாம் வரட்டும் மேடம். நாலு பேரு எதுருல ஒக்காந்தா தைரியமா வந்துரும். அவங்க வந்தப்புறம் பேசறேன்.”

இப்போது என்ன செய்வது? டிராஃபிக் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? இன்னும் ஒரு மணி நேரம் கழித்து அந்த வட்டத்தைப் பார்த்து அவராகவே புரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று தோன்றியது.

சொன்னேன். பழைய பதிவு. போன வருஷத்தது. தவறுதலாக ஓடிவிட்டது. தேதி சொல்லாதது என் தப்பு. நேயர் சந்திப்பே இப்போது நடப்பதில்லை, ஏனென்றால் யாரும் வருவதில்லை. கடைசியாக நடந்தபோது நாங்களும் டீ கொண்டுவந்தவரும்தான் இருந்தோம். நடுநடுவே ‘சாரி’ என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

“அப்ப யாரும் வரமாட்டாங்களா?” அதே காற்று.

“இல்லம்மா.”

“யாருமே?”

“யாருமே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழப்போகிறார் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன்.

“அப்ப இன்னாத்துக்குக் கூப்ட்டீங்க?”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். அது வேறு யாரோ பேசியது போலிருந்தது. கணீரென்று, அடிவயிற்றிலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காவ்யா ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்தாள்.

“கூப்ட்டா ஆளு வரும்னு தெரியாதா? யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சிக்கினுதான் தெனம் பேசறீங்களா? நான் கேக்கறேன். குப்பையப் பிரிச்சிப் போடுன்னீங்க. போட்டேன். உப்பக் கொறைன்னீங்க. கொறைச்சேன். வாங்கன்னீங்க… வந்தேன். இருவது பேருக்கு ஆக்கி எடுத்துக்கினு வந்தேன். ஆட்டோல மடிலயே வெச்சிக்கினு வந்தேன், கனத்துல காலு மரத்துப்போச்சி. எறக்கி வைக்கல, எதுக்கு? நாலு பேரு சாப்புடறது. வந்தா சேர போட்டு வெச்சிருக்கீங்க, ஆளக் காணோம். டிராஃபிக்காம். வராத ஆளுக்கு என்னா டிராஃபிக்கு? சும்மா கூப்புடாதீங்க. இனிமே யாரையும் சும்னே கூப்புடாதீங்க. கூப்ட்டா நீங்க இருக்கணும்.”

நின்றார். சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கதவையே பார்த்தார். யாராவது தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. யாரும் வரவில்லை. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று.

கையை மெல்ல எடுத்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. மகனைப் பற்றி, மருமகளைப் பற்றி, துணி போட்டு இறக்குகிற பாத்திரத்தைப் பற்றி, குழாயைத் திறந்துவிட்டு இருமுவதைப் பற்றி, தங்கவயலில் அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் வரிசையின் கடைசி வீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள் என்பதைப் பற்றி… எல்லாம் முழுக் குரலில். முதல் வாக்கியத்தில் இருந்த கோபம் போகப்போக வடிந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. நான் குறுக்கே பேசவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டது அபூர்வம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஓய்ந்ததும் தண்ணீர் கேட்டார். குடித்தார். “திட்டிட்டேனா மேடம்?”

“நல்லா.”

“அதெல்லாம் ரெகார்ட் ஆயிடுச்சா?”

காவ்யா கட்டை விரலைக் காட்டினாள். பதிவை அவள் ஆரம்பத்திலிருந்தே நிறுத்தவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டோம். எஸ்தர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன்னையே கேட்டார். தன் திட்டுக்குத் தானே தலையாட்டினார். ஓர் இடத்தில் சிரித்துவிட்டார். “இதுவா நானு? பரவால்லியே. நல்லாத்தான இருக்குது.”

“இதை ஒலிபரப்பட்டுமா?” என்றேன். “திட்டு எனக்குத்தான். எனக்குச் சம்மதம்.”

யோசித்தார். “திட்டுனது மட்டும் போடுங்க. வூட்டு விஷயம்லாம் வேணாம். அவங்க கெட்டவங்க இல்ல மேடம். கேட்டா மனசு கஷ்டப்படும். பேரும் வேணாம்.”

காவ்யா அவர் எதிரிலேயே வெட்டினாள். வீடு போயிற்று, மகன் போனான், பாத்திரமும் இருமலும் தங்கவயலும் போயின. ‘யாரையும் சும்னே கூப்புடாதீங்க. கூப்ட்டா நீங்க இருக்கணும்’ என்பதோடு முடிந்தது. நீலசந்திராவிலிருந்து ஒரு நேயர் என்று பெயர் போட்டோம். புதன்கிழமை பிற்பகல் வரும் என்றேன். இந்தத் தடவை தேதியும் சொன்னேன்.

பிறகு சாப்பிட்டோம். வாட்ச்மேனையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். “சாப்டுங்க அக்கா, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க” என்று பரிமாறினார். மேடம் எப்போது அக்காவானேன் என்று கவனிக்கவில்லை. நான்கு பேர் எவ்வளவு சாப்பிடமுடியும்? மீதியை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, சர்ச் கூட்டத்தில் குஸ்கா ஏன் மிஞ்சியது என்று கேட்பார்கள். வாட்ச்மேனுக்கும் காவ்யாவுக்கும் கட்டிக் கொடுத்தபிறகும் தேக்சாவில் பாதி இருந்தது. அதை என் தலையில் கட்டிவிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் கிளம்பினார்.

பஸ்ஸில் தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்டிலிருந்து இறங்கி எங்கள் தளத்தின் நடையில் நின்றேன். இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாக் கதவுக்கும் பெல் இருக்கிறது. எதை அடிப்பது? எந்த வீட்டில் சைவம், எந்த வீட்டில் குழந்தை, எந்த வீட்டில் யார்? ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. ‘ஹலோ, நான் பக்கத்து வீடு, இத்தனை வருஷமாக’ என்று ஆரம்பிக்கவேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என் வீட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் குஸ்காதான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. தெரு இரைச்சல், ஹாரன், யாரோ கொத்தமல்லி விற்கும் குரல். நடுவே எஸ்தர் அம்மா.

“அக்கா, ரோட்ல இருந்து பேசறேன். கேக்குதா?”

கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு இல்லை. ஆனால் காற்று இல்லை, குரல்தான்.

“ரேடியோல வந்துச்சி அக்கா. முழுசா வந்துச்சி.”

“கேட்டீங்களா? எப்படி இருந்தது?”

“இன்னிக்குப் பையனுக்கு லீவு. மருமவ வெளிய போயிருந்தா. முழிச்சிக்கினு இருந்தான். சரி, கேக்கட்டும்னு வேணும்னே சத்தமா வெச்சேன். அவன் ஒக்காந்து சோறு துன்னுக்கினு இருந்தான்.”

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? அம்மாவின் குரல் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமா? வீட்டில் பெரிய ரகளை ஆகியிருக்குமோ என்று பயந்தேன்.

“என்ன சொன்னாரு?”

“முழுசும் கேட்டான் அக்கா. கேட்டுட்டு, யாரும்மா இது, இப்டிக் கத்தறாங்கன்னான்.”

கொத்தமல்லிக்காரர் குரல் தேய்ந்ததும் அவரே தொடர்ந்தார்.

“பாவம்மா, வூட்ல பேச ஆளில்ல போலன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமாம்ப்பா, இருக்கும்னேன். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தினேன்.”

எங்கள் நிலையத்துக்கு இத்தனை வருஷத்தில் வந்த நேயர் கருத்துகளிலேயே இவ்வளவு சரியான கருத்து வேறு வந்ததில்லை.